மருமகனின் அட்வான்ஸ்

வெள்ளவத்தை,
ஆகஸ்ட் 2025

அன்பின் மச்சான்,

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனா போனில நீ என்னை ஒரு வசனம் முடிக்க விடமாட்டாய். அதுதான் எழுதுறன். முழுக்க வாசிச்சுப்போட்டுப் பிறகு கோவிச்சுக்கொள்.

உன்ர மருமகன் கார் வாங்க அட்வான்ஸ் குடுத்துப்போட்டு விலகின விசயம்தான். அந்தக் காசைத் திரும்ப வாங்கச் சொல்லி நீ கேட்டபடி நுகேகொடைக்குப் போய், காரை விக்கிற அந்த மனிசனைப் பாத்தனான். நீ நினைக்கிற மாதிரி ஆள் புரோக்கர் இல்லை, ஓய்வுபெற்ற வாத்தியார். ஹைலெவல் வீதியால உள்ளுக்கு ஒரு ஒழுங்கை, அதில சின்ன வீடு. முற்றத்தில அந்த வேகன்ஆர் கார் உறை போட்டு நிக்குது. என்னைக் கண்டதும் சண்டைக்கு வந்த ஆளெண்டுதான் நினைச்சிருக்கிறார். நான் சிங்களத்தில, பொடியன்ர மாமனாற்ற பழைய கூட்டாளி எண்டு சொல்ல, கதிரையை இழுத்துப் போட்டார்.

பிளாஸ்டிக் ஃபைல் ஒண்டைக் கொண்டுவந்து விரிச்சார். வாகனப் புத்தகம், புகைச் சான்றிதழ், வாகன வருமான உத்தரவுப்பத்திரம், மருமகனுக்குக் குடுத்த ரிசீற்றின்ர கார்பன் கொப்பி. நீ வட்ஸ்அப்பில அனுப்பினது இதின்ர மேல்தாள்தான். இன்ன செசி நம்பர் (வாகனத்தின்ர அடிச்சட்ட இலக்கம்) உள்ள வாகனத்துக்கு 62 இலட்சம் விலை பேசி 1 இலட்சம் முற்பணமாப் பெற்றேன், மிகுதி ரெண்டு கிழமைக்குள்ள தரவேணும். அவ்வளவுதான். வாங்கிறவர் விலகினா என்ன, விக்கிறவர் விலகினா என்ன, லீசிங் கடன் சரிவராட்டி என்ன, ஒண்டும் எழுதேல்ல. புதுக்கடைக் கோட்டடியில சட்டத்தரணி ஐயாவிட்டக் கிளாக்கா இருந்த காலத்தில இப்பிடி எத்தினை துண்டு பாத்திருப்பன்! செசி நம்பரை ஒரு இலக்கம் பிசகாம எழுதுவினம், பிறகு சண்டை வாற இடத்தை வெறுமையா விட்டிடுவினம்.

நீ எழுதியிருந்தாய், “கார் அவற்ற வீட்டிலதான் நிக்குது, அவருக்கு என்ன நட்டம்?” எண்டு. நானும் அதைத்தான் கேட்டன். அவர் பதில் சொல்ல முதல் மனிசி உள்ளுக்கிருந்து தேத்தண்ணியோட வந்து, தன்ர போனை எடுத்து என்ர முகத்துக்கு நேர நீட்டினா. அட்வான்ஸ் வாங்கின அண்டைக்கே விளம்பரத்தை எடுத்துப்போட்டினமாம். அதுக்குப் பிறகு கம்பஹாவில இருந்து ஒரு அம்மா முழுக் காசோட வாறனெண்டு கேக்க, “சொறி, பேசி முடிஞ்சுது” எண்டு இவையள் அனுப்பின மெசேஜ் அதில கிடக்குது. அந்த அம்மா இப்ப வேறயொண்டு வாங்கிட்டாவாம். மனிசன் இளகினாலும் மனிசி இளகமாட்டா எண்டு எனக்கு அப்பவே விளங்கீட்டுது.

சந்தையும் அவையளுக்குச் சாதகமா இல்லை. 2020 மார்ச்சில இறக்குமதியை நிப்பாட்டினதில இருந்து பழைய வாகனம் வைச்சிருந்த ஆக்களுக்கு ராசயோகம்தானே. இந்த வருசம் பெப்ரவரியில தனியார் வாகனத்துக்கும் திறந்துவிட்டாப்பிறகு, வந்து பாக்கிற ஆக்கள் எல்லாம் “இன்னும் கொஞ்சம் பொறுத்தா இறங்கும்” எண்டு பேரம் பேசுகினமாம். காரை மறிச்சு வைச்ச ஒவ்வொரு கிழமையும் அவருக்குக் காசு நட்டம்தான்.

இப்ப உனக்குப் பிடிக்காத விசயம். லீசிங் கிடைக்கேல்ல, அதால விட்டவர் எண்டு நீ எழுதினாய். மருமகன் வாத்தியாருக்கு அனுப்பின மெசேஜை நான் பாத்தனான். குருநாகலில இதே மாடல் விலை குறைச்சு வந்திருக்குது, அதை எடுக்கப்போறன், மன்னிக்கவேணும் அங்கிள் எண்டுதான் எழுதியிருக்கிறார். லீசிங்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உன்னட்ட ஏன் வேற மாதிரிச் சொன்னாரோ தெரியாது, உன்ர வாய்க்குப் பயந்தும் இருக்கலாம். இதை மகளுக்கு முன்னால வைச்சுக் கிளறாத.

லீசிங்தான் காரணமெண்டாலும் பெருசா உதவாது மச்சான். வாகனப் பெறுமதியில இவ்வளவு வீதத்துக்கு மேல கடன் குடுக்கக்கூடாதெண்டு மத்திய வங்கி கட்டுப்பாடு வைச்சிருக்குது, அதைக் கேட்டு அறியிறது வாங்கிற ஆளின்ர வேலை. “லீசிங் பாஸ் ஆகாட்டி காசு திரும்ப” எண்டு ரிசீற்றில ஒரு வரி கிடந்திருந்தா கதை வேற. வாகனப் புத்தகத்தில லீசிங் கொம்பனியின்ர பேர் கிடந்து அதை வாத்தியார் மறைச்சிருந்தா, இல்லாட்டி ஹைபிரிட் பற்றரி பழுதெண்டு தெரிஞ்சும் சொல்லாம விட்டிருந்தா, முழுக் காசையும் வாங்கித் தராம நான் அந்த வீட்டால எழும்பியிருக்கமாட்டன். மருமகன் கூட்டிக்கொண்டு போன மெக்கானிக் பாஸே வாகனம் சுத்தமெண்டு சொல்லியிருக்கிறான்.

பொலிசுக்குப் போகப்போறனெண்டாய். பொலிஸ் இதைக் கொடுக்கல் வாங்கல் பிரச்சினை எண்டு தள்ளிவிடும். நுகர்வோர் அதிகார சபையும் வியாபாரிகளைப் பாக்கிற இடம், சொந்தக் காரை விக்கிற வாத்தியாரை அவையள் என்ன செய்யிறது? மிஞ்சிப் போனா மத்தியஸ்த சபை. அங்க சட்டத்தரணி வந்து பேசேலாது, மருமகனே நிண்டு கதைக்கவேணும். குருநாகல் மெசேஜை வாத்தியாற்ற மனிசி அங்கயும் நீட்டுவா.

சட்டத்தைப் பிடிச்சா அது ரெண்டு பக்கமும் இழுக்கும். எங்கட பொருள் விற்பனைச் சட்டம் 1896ஆம் ஆண்டுச் சட்டம். வாங்கிறனெண்டு ஒத்துக்கொண்ட ஆள் நியாயமில்லாம எடுக்காம விட்டா, விக்கிற ஆள் நட்டஈடு கேக்கலாம். சந்தை இருக்கிற பொருளெண்டா, பேசின விலைக்கும் அண்டைய சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் சாதாரணமா அளவு. ஐயா கட்சிக்காரருக்குச் சொல்லுறவர்: உறுதிக்காகக் கட்டின காசை, கட்டின ஆள் தானே விலகினா மறந்திடவேணும், விலையில ஒரு பங்கா முன்கூட்டிக் குடுத்ததெண்டா நட்டத்தைக் கழிச்சு மிச்சத்தைக் கேக்கலாம். எங்கட ரிசீற் எந்தப் பக்கமெண்டு ரெண்டு சட்டத்தரணியள் ஒரு வருசம் வாதாடலாம். கார் 60க்குத்தான் போச்சுதெண்டா, வாத்தியார் மேலதிகமா இன்னும் ஒரு இலட்சம் கேட்டாலும் ஆச்சரியமில்லை. அதை நீ யோசிக்கேல்ல.

எண்டாலும் முழுக்கத் தன்ர எண்டு அவர் நிண்டதை நான் ஒத்துக்கொள்ளேல்ல. “சேர், காரை இன்னும் விக்கேல்ல. நாளைக்கு 62க்கே போனா இந்த இலட்சம் எதுக்கு?” எண்டு கேட்டன். மனிசி மூஞ்சையை நீட்டினா. அவர் கொஞ்ச நேரம் ஃபைலின்ர கிளிப்பைத் திறந்து திறந்து பூட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியில ஒரு முடிவுக்கு வந்தம். கார் வித்தாப்பிறகு 62இல இருந்து எவ்வளவு குறையுதோ அதையும், திரும்பப் போட்ட விளம்பரக் காசையும் கழிச்சு மிச்சம் தருவார். 61 இலட்சத்து 40 ஆயிரத்துக்குப் போனா, விளம்பரம் போக 40 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவா வரும். 61க்குக் கீழ போனா ஒண்டும் வராது, ஆனா மேல கேக்கவும் மாட்டார். வித்த விலையைக் காட்ட, கைமாற்றப் பத்திரம் எம்டிஏ 6ஐ விட, புது ஆளுக்குக் குடுக்கிற ரிசீற்றின்ர படத்தை எனக்கு அனுப்பச் சொன்னனான், பத்திரத்தில போடுற விலையை நம்பேலாது. இதையெல்லாம் அவற்ற கொப்பியில எழுதி, அவர் ஒப்பம் வைச்சு, நானும் சாட்சியா வைச்சிருக்கிறன். மருமகனும் ஒப்பம் வைக்கவேணும்.

என்னைக் கேட்டா இது நல்ல முடிவு. நீ ஒரு இலட்சம் எண்டு பாக்கிறாய். அந்த வீட்டில கம்பஹா அம்மாவை எண்ணிக்கொண்டிருக்கினம். குருநாகல் காரில மருமகன் மிச்சம் பிடிச்சது இதைவிடக் கூட எண்டு நினைக்கிறன், நீயே விசாரி.

இங்க நாங்கள் சுகம். ஆடிவேலுக்குத் தேர் பாக்கப் போய் முழங்கால் வீங்கினது இப்ப பரவாயில்லை. ஃபிளாட்டில லிஃப்ட் திரும்பவும் நிண்டுபோச்சுது, தேங்காய் வாங்கக்கூட நாலு மாடி இறங்கவேணும்.

மருமகன்ர வங்கிக் கணக்கு நம்பரை அனுப்பு. அவரையே வாத்தியாருக்கு ஒருக்கா எடுத்துக் கதைக்கச் சொல்லு, மனிசி போனை எடுத்தா வைச்சிடாமக் கதைக்கவும் சொல்லு. நீ கண் காட்ட வரேக்க ஹொட்டேல் ஒண்டும் பாக்காத, எங்களோட நில். பனம் பினாட்டு கொண்டுவா.

அன்புடன்,
சிவம்