ஆலை மேலாளருக்கு அழைப்பாணை அனுப்புங்கள்

மாண்புமிகு சட்டமன்றக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் எண்ணூரிலிருந்து வணக்கம்.

எங்கள் குப்பத்துக்கு நேரில் வந்து மனுக்களை வாங்கினீர்கள், நன்றி. ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் வரவில்லை. ஆலை தன் சார்பில் அனுப்பியது ஓர் இளநிலை அலுவலரை. எதைக் கேட்டாலும் "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்றார். நீங்களும் குறித்துக்கொண்டு புறப்பட்டுவிட்டீர்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் ஆலையின் எண்ணெய் இறங்கிய கதை உங்களுக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் வாளியாலும் குவளையாலும் அதை அள்ளினார்கள். அன்று நனைந்த வலையை என் சித்தி சாக்கில் கட்டிவந்து உங்கள் மேசைமுன் விரித்தார். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவியும் கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. மிதவைகளை நகத்தால் சுரண்டினால் இன்னும் கறுப்புப் பிசுக்கு வருகிறது. அவர் பணம் கேட்கவில்லை. "எண்ணெய் வெளியேறுவது உங்களுக்கு எத்தனை மணிக்குத் தெரியும்? சொல்லியிருந்தால் வலையைக் கரையேற்றியிருப்போமே" என்றுதான் ஆலை அலுவலரைக் கேட்டார்.

அதற்கான விடை ஆலையின் பதிவேட்டில் இருக்க வேண்டும். மேலாளரையும் பதிவேட்டை எழுதியவரையும் அழைப்பாணை அனுப்பி வரவழையுங்கள்.

அதிகாரம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பேரவையின் உரிமைகளை அரசியலமைப்பின் 194ஆவது பிரிவு சொல்கிறது. டெல்லி சட்டமன்றக் குழு அழைத்தபோது முகநூல் நிறுவனத்தின் இந்திய நிர்வாகி உச்ச நீதிமன்றம் போனார். உறுப்பினர் அல்லாதவரையும் குழு அழைக்கலாம், சட்டம் இயற்றுவது மட்டுமே பேரவையின் வேலை அல்ல என்று 2021 ஜூலையில் தீர்ப்பு வந்தது. ஒன்றிய அரசின் வரம்புக்குட்பட்ட கேள்விகளுக்கு அவர் பதில் மறுக்கலாம் என்றும் அதில் உண்டு. மீன்பிடியும் பொதுச் சுகாதாரமும் மாநிலத்தின் அதிகாரத்துக்குட்பட்ட மாநிலப் பட்டியலில்தானே இருக்கின்றன?

1987இல் ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதச் சிறை விதித்தது நம் பேரவை. பத்திரிகையாளர்மீது பாய்ந்த உரிமை, ஆலை வாசலில் மட்டும் ஏன் தயங்கி நிற்கிறது? ஏழை மீனவன் என்றால் ஒரு நோட்டீசில் ஓடிவர வேண்டும். மேலாளர் என்றால் ஆள் அனுப்பினால் போதும் என்பது என்ன நியாயம்?

கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த அமர்வு கோட்டையில் நடந்தாலும் சரி, எண்ணூரில் நடந்தாலும் சரி, மேலாளர் பதிவேட்டோடு நேரில் வர வேண்டும். என் சித்தி கேட்டதை அவரிடம் அப்படியே கேட்டு, அவர் சொல்லும் பதிலை உங்கள் அறிக்கையில் அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எண்ணூர் மீனவன் ஒருவன்