பழைய கார் விற்கும் டீலர்களுக்கு: அந்த ஒரு தாளைக் கொடுங்கள்

பழைய கார் விற்கும் டீலர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவரிடம் கார் வாங்கிய ஆறாம் நாளே செக் இன்ஜின் லைட் எரிந்தது. கேட்டதற்கு, "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்தது. சரி, பழைய வண்டிதான். டயர் தேயும், பிரேக் பேட் தேயும், பேட்டரி படுத்துவிடும். அதற்கெல்லாம் யாரும் வழக்குப் போடுவதில்லை.

என் மெக்கானிக் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். கோளாறுக் குறியீடுகளை அழித்த பிறகு வண்டி எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதையும் பல வண்டிகளில் அது காட்டிவிடும். 231 கிலோமீட்டர் என்றது. சாவி என் கைக்கு வந்தபின் நான் ஓட்டியது 219. மீதி 12 யார் கணக்கு? விற்பதற்குச் சற்று முன் அந்தக் குறியீடுகளை அழித்து லைட்டை அணைத்துவிட்டு, கழுவி, பாலிஷ் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள்.

சிறு தொகை வழக்கு என்று போய் நின்றால் உங்கள் தரப்பில் ஒரே பாட்டு: "உள்ளது உள்ளபடி விற்றோம், அவரும் ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினார்." சூடேறிய பிறகு மட்டும் வழுக்கும் கியர்பாக்ஸ் பத்து நிமிட ஓட்டத்தில் பிடிபடுமா? பிரிட்டனில் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதுபார்த்துத் தரக் கேட்கும்போது, முதல் 6 மாதத்தில் தெரியவரும் கோளாறு விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்வார்கள். இல்லையென்று காட்டுவது டீலர் பாடு. அப்படி ஒரு விதி இல்லாத இடங்களில் மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி, ரசீது சேர்த்து, லீவு போட்டு அலைவது வாங்கியவர்தான்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அதே வண்டியைப் பழைய உரிமையாளரிடமிருந்து நீங்கள் வாங்கிய நாளை நினைத்துப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து வெள்ளத்தில் நின்ற சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். ஆயில் மூடியைத் திறந்து உள்ளே வெண்ணெய்போல் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவுகிறீர்கள். கதவுக்குக் கதவு பெயின்ட் நிறம் ஒத்துப்போகிறதா என்று சாய்ந்து நின்று பார்க்கிறீர்கள். ஒவ்வொரு குறையையும் ஒரு தாளில் குறித்து, குறைக்கு ஏற்ப விலையை இறக்குகிறீர்கள். விற்கும்போது மட்டும் அந்தக் கண் எங்கே போகிறது?

அந்தத் தாளின் நகலை, விலை பேசுவதற்கு முன் எங்களிடம் கொடுங்கள். குறை தெரிந்தும் வாங்குகிறவர்கள் உண்டு. நானும் வாங்கியிருப்பேன், கொஞ்சம் குறைத்துக் கேட்டிருப்பேன், அவ்வளவுதான்.

இப்போது என் வழக்கு விசாரணைக்கு வரப்போகிறது. முதலில் நான் கேட்கப்போவதும் அந்தத் தாளைத்தான். மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் கார் வாங்கிய ஒருவன்