ஏற்காட்டுக்கு ஒரு கடல் சாமந்தி

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் ஏற்காடே திணறுகிறது என்று எழுதியிருந்தாய். இங்கே கத்திரி வெயிலில் மதியம் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. அம்மா நலம். கண் ஆபரேஷன் முடிந்து மறுபடி பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார். உன் மருமகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்து இரண்டு மாதம் ஆகிறது, கடல் சாமந்தியும் (பெயரும் உருவமும்தான் பூ, உண்மையில் அது ஒரு விலங்கு) ஒரு ஜோடி கோமாளி மீனும் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். கழிவிலிருந்து வரும் விஷங்களான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நின்றால் மீனை வாங்கு. சாமந்தியை இப்போது வாங்காதே.

கோமாளி மீனைக் கடலில் பிடித்துக் கொண்டுவர வேண்டிய அவசியம் இன்று இல்லை. நம் கரையிலேயே மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஆராய்ச்சி நிலையங்கள் அதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டிவிட்டன. பொரிப்பகத்தில் பிறந்ததாகக் கேட்டு வாங்கு. கடலில் சாமந்தியின் கொட்டும் விரல்களுக்குள் ஒளியாமல் அதற்குப் பாதுகாப்பு கிடையாது. தொட்டியில் தனியாகவே நன்றாக இருக்கும். ஜோடி பார்த்து அலையாதே. சிறிய மீன்களாக இரண்டு எடு. எல்லாம் ஆணாகத்தான் வளரத் தொடங்கும். இரண்டில் பெரியது பெண்ணாகிவிடும்.

சாமந்தியின் கதை வேறு. அதன் உடம்புக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. வெளிச்சத்தில் அவை தயாரிக்கும் உணவுதான் அதற்குப் பெரும்பங்கு சாப்பாடு. நல்ல வெளிச்சமும் வேண்டும், உப்பும் சூடும் ஏறி இறங்காத தண்ணீரும் வேண்டும். புதுத் தொட்டியில் தண்ணீர் ஒரு நிலைக்கு வருவதற்கே மாதக்கணக்கில் ஆகும். ஆறு மாதம் போதும் என்பார்கள், நான் ஒரு வருஷம் என்பேன். இரவில் அது செத்துக் கரைந்தால் தொட்டியில் மற்ற உயிர்களையும் சேர்த்துக் கொண்டுபோகும். அதன் ஆயுசையும் நினைத்துப் பார். ஸ்காட்லாந்தில் ஜான் டாலியல் என்பவர் 1828இல் கடற்கரைப் பாறையில் எடுத்த ஒரு சாமந்தி, கண்ணாடி ஜாடியில் கை மாறிக் கை மாறி 1887 வரை உயிரோடு இருந்தது. அவர் போய் முப்பது வருஷத்துக்கு மேல்! அவ்வளவு காலம் வாழக்கூடிய உயிரை அவசரத்தில் வாங்கிச் சாகடிக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் உன் விஷயத்தில் என்னை உண்மையில் பயமுறுத்துவது மயில்துத்தம், அதாவது தாமிர உப்பு. மழைக்கு முன்னால் காபிச் செடிக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை அடிப்பாய் அல்லவா? இலைத்துரு நோயை அடக்கும் அந்தத் தாமிரம் சாமந்தி, இறால், நத்தை எல்லாவற்றுக்கும் துளி அளவிலேயே விஷம். மீன் தாங்கும் அளவை இவை தாங்காது. மருந்து கலக்கிய வாளியோ மக்கோ தொட்டிப் பக்கம் வரக்கூடாது. தோட்டத்திலிருந்து வந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தண்ணீருக்குள் விடாதே. அடிப்பு நடக்கும் நாட்களில் கூரையில் பிடித்த மழைத் தண்ணீரும் வேண்டாம். மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் கடையில் தரும் மருந்துகள் பலவற்றிலும் தாமிரம்தான். அதைத் தனித் தொட்டியில் வைத்துக் கொடு. பெரிய தொட்டியில் ஊற்றினால் கல்லிலும் மணலிலும் ஏறிக்கொண்டு பிறகு மெல்ல மெல்லக் கசியும்.

எனக்கு இங்கே தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். உனக்கு மார்கழியில் ஹீட்டர். 25, 26 டிகிரியில் நிறுத்து. இன்னொன்று, ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கரையைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு, தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே கணக்கில் குறையும். அதனால் பவர்ஹெட்டை, அதாவது தொட்டிக்குள் நீரோட்டம் தரும் சின்ன பம்பை, மேல்மட்டம் நன்றாகக் கலங்கும்படி திருப்பி வை, அது தண்ணீர் இழுக்கும் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டு. சாமந்திக்கு இருக்கும் இடம் பிடிக்கவில்லை என்றால் நகர்ந்து நகர்ந்து அதில்தான் போய் மாட்டும். காற்றுக்கு மரம் விழுந்து கரண்ட் போனால் பேட்டரி ஏர் பம்ப் கைவசம் இருக்கட்டும். தண்ணீர் வற்றினால் ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்று, உப்பு ஆவியாகாது.

பவளமும் கடல் குதிரையும் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தொடாதே. 2001இலிருந்து வன உயிரினச் சட்டம் அவற்றைக் காக்கிறது, காக்க வேண்டியதும்தான்.

என் தொட்டியில் காலையில் விளக்கு எரிந்ததும் சாமந்தியின் ஒவ்வொரு விரல் நுனியும் குமிழாக உப்பும். ஓர் இறால் துண்டைப் போட்டால் பெண் மீன் கவ்விக்கொண்டு போய்ச் சாமந்தியின் நடுவில் வைக்கும், பக்கத்து விரல்கள் மடங்கி அதை வாய்க்குத் தள்ளும். மீனின் கழிவில் உள்ள அம்மோனியா அந்தப் பாசிகளுக்கு உரம். பார்த்துக்கொண்டே நின்று ஆபீசுக்கு நேரமாகிவிடுகிறது.

இந்த வகை தானே பிளந்து இரண்டாகும். என்னுடையதும் பிளந்துவிட்டது. ஒன்று உனக்கு. அடுத்த சித்திரை வரை இங்கே இருக்கட்டும். வாரா வாரம் உப்பு, சூடு, கழிவில் கடைசியாக மிஞ்சும் நைட்ரேட் மூன்றையும் எழுதி அனுப்பு. கணக்கு ஆடாமல் நின்றால் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி நானே கொண்டுவந்து விடுகிறேன்.

அன்புடன்,
குமரேசன்