பெற்றோல் கானைக் கீழே இறக்கி வைத்து நிரப்புங்கள்

யாழ்ப்பாணம்

அன்பார்ந்த பெற்றோருக்கு,

போன வியாழன் பின்னேரம், பாடசாலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் பெற்றோல் அடிக்க நின்றேன். எனக்கு முன்னால் ஒரு வான், பின்கதவு திறந்தபடி. உள்ளே விரித்திருந்த காப்பெற்றின் மேல் பழைய 5 லீற்றர் எண்ணெய்க் கான். அதன் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கள் சீருடையோடு, தரம் 7 பிள்ளை ஒருவன் குந்தியிருந்தான். ஒழுகாமல் இருக்க மூடிக்குள் வைக்கிற பொலித்தீன் துண்டு அவன் விரலில் சுற்றியிருந்தது. பெற்றோல் அடிக்கிற தம்பி குழாயை உள்ளே விடப் போனார். நான் ஓடிப்போய் நிறுத்தச் சொன்னேன். தகப்பன் கோபிக்கவில்லை. "சேர், எப்பவும் இப்படித்தானே அடிக்கிறனாங்கள்" என்றார்.

அவர் சொன்னது சரிதான், பலரும் அப்படித்தான் செய்கிறோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

பெற்றோல் குழாய்க்குள்ளால் வேகமாக ஓடும்போதே மின்னேற்றம் பெறுகிறது. தலையில் உரசிய சீப்பு கடதாசித் துண்டுகளை இழுக்கிறதே, அதே நிலைமின்தான். கான் நிலத்தில் இருந்தால் அந்த ஏற்றம் மண்ணுக்கு இறங்கிவிடும். காப்பெற், இறப்பர் மிதி, பிளாஸ்ரிக் விரிப்பு இவற்றின் மேல் இருந்தால் இறங்க வழியில்லை, கானிலேயே தேங்கும். குழாயின் நுனியோ ஏர்த் பண்ணப்பட்டது. அது கானின் வாய்க்குக் கிட்ட வரும்போதோ விலகும்போதோ பொறி பாயலாம். பெற்றோல் ஆவி திரண்டு நிற்பதும் அதே இடத்தில்தான். அந்த ஆவி பற்ற கால் மில்லியூல் என்ற மிகச் சிறிய அளவு சக்தி போதும். கையில் சுள்ளென்று நாங்கள் உணர்கிற பொறியில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு பாரம் என்பதால் வானின் தரையிலேயே படியும், பிள்ளைகள் கால் வைக்கிற இடத்தில்.

எங்கள் ஊர்க் காற்றில் ஈரம் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். ஈரக் காற்றில் நிலைமின் சேருவது குறைவு, அதனால் ஈரம் கொஞ்சம் உதவும். ஆனால் குழாய்க்குள் ஓடுகிற பெற்றோலுக்கு அந்த ஈரம் எட்டாது. இரும்புக் கான் என்றால் பயமில்லை என்பதும் பிழை. விரிப்பின் மேல் வைத்தால் அது இன்னும் மோசம், சேர்ந்த ஏற்றம் முழுவதும் ஒரே பொறியாகப் பாயும். அமெரிக்காவில் பிளாஸ்ரிக் விரிப்புப் போட்ட பிக்கப்களிலும் காப்பெற் உள்ள கார்களிலும் இப்படித் தீப்பிடித்ததால், அங்குள்ள தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1998இலேயே எச்சரிக்கை விட்டது.

வீட்டில் ஒரு கான் பெற்றோல் இருக்கட்டும் என்ற எண்ணம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். போர்க்காலத்தில் எரிபொருளுக்குத் தடை இருந்தபோது காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய ஊர் இது. 2022 எரிபொருள் வரிசைகளையும் பிள்ளைகளே கண்டவர்கள். தோட்டத்துக்கு இறைக்கிற மெசினுக்கும் ஜெனரேற்றருக்கும் கானில்தான் வாங்க வேண்டும். வாங்குங்கள். பெற்றோலுக்கென்று செய்த கானை வாகனத்திலிருந்து இறக்கி, நிலத்தில் வைத்து, அடித்து முடியும்வரை குழாயின் நுனி கானின் வாயைத் தொட்டபடி இருக்க, மெதுவாக அடிக்கச் சொல்லுங்கள். கழுத்துவரை நிரப்ப வேண்டாம், வெயிலில் பெற்றோல் விரியும். எஞ்சினை நிறுத்துங்கள். பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும்.

தயவுசெய்து பிள்ளையின் கையில் கானைக் கொடுத்து அனுப்பாதீர்கள். பாடசாலைக்கு வருகிற வானிலும் ஓட்டோவிலும் பிள்ளைகளோடு பெற்றோல் கான் ஏற்றுவதை இனி அனுமதிக்க மாட்டேன். இதுபற்றி வருகிற திங்கட்கிழமை காலை சாரதிகளோடு வாசலில் கதைக்க இருக்கிறேன், பிள்ளைகளை விடவரும் பெற்றோரும் பத்து நிமிடம் நின்றால் நல்லது. வியாழன் கண்ட அந்தத் தகப்பனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
அதிபர்