மரைன் டிரைவில் கூட நடந்த ஐயாவுக்கு

கொழும்பு வெள்ளவத்தை மரைன் டிரைவில் பின்னேரங்களில் நடக்க வருகிற ஐயா, உங்கள் பெயரைக் கேட்க எனக்கு வாய்க்கவேயில்லை. இந்த நன்றி உங்களுக்குத்தான்.

எனக்குப் பாதத்தில் ஒரு சத்திரசிகிச்சை நடந்தது. அதில் பெருவிரலோடு சேரும் நீள எலும்பை வெட்டி நேராக்கித் திருகாணி போட்டார்கள். எலும்பு பொருந்தச் சாதாரணமாக 6 முதல் 8 வாரம், வீக்கம் முழுதாக வடிய மாதக்கணக்கு. இதெல்லாம் வைத்தியர் சொன்னார். ஆனால் ஊன்றுகோலை விட்ட பிறகு எந்த நோவுக்குப் பயப்படுவது, எதைத் தாங்குவது என்று தெரியாமல் தவித்தேன். மரதனில் 42.195 கிலோமீற்றர் ஓடிய கால், அடுத்த ஒழுங்கை வரை போகவே தயங்கியது.

நீங்களாகத்தான் வந்து கதைத்தீர்கள். "பிள்ளை, நடக்கேக்க வாற நோவை மட்டும் பாக்காதையும். அடுத்த நாள் காலமை கால் எப்பிடி இருக்கெண்டு பாரும். கூட நொந்தா, வீங்கினா, தூரத்தைக் குறைச்சுக்கொள்ளும்." பிறகு என் இயன்மருத்துவரும் அதையேதான் சொன்னார்.

மதிலைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்தி இறக்கவும் காட்டித் தந்தீர்கள். முதலில் இரண்டு காலிலும், பலம் வந்த பிறகே ஒற்றைக் காலில். எனக்காக உங்கள் நடையின் வேகத்தையும் குறைத்தீர்கள். அது எவ்வளவு பெரிய விடயம் என்று ஓடுகிறவர்களுக்குத் தெரியும்.

இப்போது காலிமுகத்திடலில் கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை என்று மாற்றி மாற்றிப் போகிறேன். ஐயாவைத் தெரிந்தவர்கள் இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அம்மா அவரை ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடச் சொல்கிறார்.