நீ அனுப்பிய லிஸ்ட்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. உன் கம்ப்யூட்டரை மாற்ற நீ அனுப்பிய லிஸ்டை நேற்று ராத்திரி கடை சாத்தின பிறகு உட்கார்ந்து பார்த்தேன். மதர்போர்டு புதுசு, ப்ராசசர் புதுசு, டி.டி.ஆர்.5 ராம், கேபினட்டும் புதுசு. கையில் முப்பதாயிரம் இருக்கிறது, மீதிக்கு ஈ.எம்.ஐ. என்று எழுதியிருக்கிறாய். எஸ்.எம்.பி.எஸ்., அதாவது மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி, அந்த இடத்தில் மட்டும் "கேபினட்டோடு வருவது" என்று இருந்தது. அதைப் படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது சாமி. அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன்.

2009இல் நடந்ததை உன்னிடம் சொன்னதில்லை. நீ சின்னப் பையன். இன்ஜினியரிங் கடைசி வருஷம் படித்த ஒரு பையன், ட்யூஷன் எடுத்துச் சேர்த்த காசோடு கடைக்கு வந்தான். கேம் ஆட ஒரு மெஷின் வேண்டும், ப்ராஜெக்ட்டும் அதிலேயே செய்துகொள்வேன் என்றான். ஏற்காடு எக்ஸ்பிரஸில் கிளம்பி, விடிகாலையில் சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவில் கடை திறக்கும்வரை காத்திருந்து அவனுக்காகச் சாமான் எடுத்தேன். கேமுக்கு வேண்டிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கியதும் பட்ஜெட் இடித்தது. கேபினட்டோடு வந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 500 வாட் என்று ஒட்டியிருந்தது. விற்றவர் போதும் என்றார், நானும் நம்பினேன். மூன்றே மாதம். ஒரு சாயங்காலம் டப்பென்று சத்தம், கருகின வாடை. போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து போய்விட்டன. போர்டை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். ஹார்ட் டிஸ்க்கில் இருந்த ப்ராஜெக்ட்டை மீட்க முடியவில்லை. அந்தப் பையன் நம் கடை ஸ்டூலில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திருப்பி லேபிளை அன்றைக்குத்தான் சரியாகப் படித்தேன். 12 வோல்ட்டுக்கு நேராக 18 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கிப் பார், 216 வாட். கார்டும் ப்ராசசரும் இழுப்பதெல்லாம் அந்த 12 வோல்ட்டில் இருந்துதான். அப்புறம் 500 என்று பெரிய எழுத்தில் போட்டு என்ன பிரயோஜனம்? நீயும் பெட்டியின் முகப்பைப் பார்க்காதே, பக்கவாட்டு லேபிளில் ஆம்பியரைப் பார். 80 ப்ளஸ் ப்ரான்ஸ் முத்திரை இருந்தால் நல்லது. ஆனால் அது கரண்ட் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான முத்திரைதான், ஓவர்லோட் ஆனால் காப்பாற்றுமா என்பதை அது சொல்லாது. எத்தனை வருஷ வாரண்டி என்று கேள். ஐந்து வருஷம் கொடுக்கிற கம்பெனியில் 550 வாட் எடுத்தால் உனக்குத் தாராளம். உன் காசில் முதல் செலவு இதற்குத்தான்.

இப்போது உன் பழைய மெஷினுக்கு வருகிறேன். 2019இல் நானே அசெம்பிள் செய்து கொடுத்தது. பி450 போர்டு, ரைசன் 5 2600, ஒரே ஸ்டிக்கில் 8 ஜி.பி. ராம், 1050 டி.ஐ. கார்டு. அன்றைக்கு நம் கைக்கு எட்டியது அவ்வளவுதான். ஆனால் போர்டை மட்டும் யோசித்துத்தான் எடுத்தேன். ஏ.எம்.டி. 2016இல் கொண்டுவந்த அந்த ஏ.எம்.4 சாக்கெட்டில் 2022இல் வந்த ரைசன் 5 5600 கூட உட்காரும். போர்டிலேயே இருக்கிற பயாஸ் என்கிற சாஃப்ட்வேரை அப்டேட் செய்தால் போதும். அந்த போர்டைத் தூக்கிப் போடாதே.

டி.டி.ஆர்.5 என்கிற புதுத் தலைமுறை ராமுக்கு இது நேரமில்லை. 2025 கடைசியில் இருந்து ராம் விலை ஏறிக்கொண்டே போனதை நான் தினமும் பில் போட்டுப் பார்த்தவள். ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கே சிப் போகிறது. உன் மெஷினில் இருக்கிற டி.டி.ஆர்.4 விலையும் ஏறித்தான் இருக்கிறது, ஆனால் உனக்கு வேண்டியது இன்னும் ஒரு 8 ஜி.பி. மட்டும். இருப்பதைப் போலவே 3200 ஸ்பீடில் பழையது கிடைத்தால் வாங்கு. ப்ராசசர் பக்கத்தில் இருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடு, இரண்டு ஸ்டிக்கும் சேர்ந்து வேலை செய்யும். பயாஸில் எக்ஸ்.எம்.பி., அதாவது ராமை அதன் முழு ஸ்பீடில் ஓட்டுகிற செட்டிங், ஆன் ஆகியிருக்கிறதா பார். அது ஆஃபில் இருந்தால் 3200 என்று காசு கொடுத்த ராம் 2400இலோ 2133இலோதான் ஓடும்.

கேம் திக்குகிறது என்றாயே, எது திக்குகிறது என்று கண்டுபிடித்தாயா? நீ ஆடுகிற கேமிலேயே ரெசல்யூஷனைக் குறைத்துப் பார். எஃப்.பி.எஸ்., அதாவது நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்பது, ஏறினால் கார்டுதான் இடிக்கிறது. அப்படியே நின்றால் ப்ராசசர். உன்னுடையதில் கார்டுதான் முதலில் இடிக்கும் என்று நினைக்கிறேன், 4 ஜி.பி. மெமரி இன்றைய கேம்களுக்குப் பத்தாது. 1080பி மானிட்டருக்கு ஆர்.எக்ஸ். 6600 கார்டு போதும். 8 ஜி.பி., 132 வாட், ஒரே ஒரு 8 பின் கேபிள். விலை குறைவு என்று 6500 எக்ஸ்.டி. பக்கம் போகாதே. போர்டோடு டேட்டா போய்வர அதற்கு நாலே லேன்தான். உன் போர்டில் இருப்பது மூன்றாம் தலைமுறை ஸ்லாட், அதில் போட்டால் அது இன்னும் சுணங்கும்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய கார்டு கிடைக்கும். கிரிப்டோ மைனிங்கில் ஓடியது என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல். ஃபேன் தடதடக்கிறதா என்று காதை வைத்துக் கேள். ஸ்க்ரூ மேலே ஒட்டிய ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், ஏன் என்று கேட்காமல் காசை எடுக்காதே.

ப்ராசசர் ஆறு மாதம் கழித்து. போனஸ் வரட்டும். அப்போது அவசரத்தில் செய்துவிடுவாய் என்று இப்போதே சொல்கிறேன். பழைய ப்ராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸ் அப்டேட்டை முடித்துவிடு, யு.பி.எஸ்.ஸில் போட்டுத்தான் செய். பாதியில் கரண்ட் போனால் போர்டு எழாமல் போகலாம். அப்புறம் மெஷினைப் பத்து நிமிஷம் கேம் ஓட்டிச் சூடாக்கு. ஆஃப் செய்து, ப்ளக்கைப் பிடுங்கி, ப்ராசசர் மேல் இருக்கிற கூலரின் ஸ்க்ரூக்களைக் கழற்று. நேராக மேலே இழுக்காதே. ஜாடி மூடியைத் திறக்கிற மாதிரி இப்படியும் அப்படியும் மெதுவாகத் திருகு. இரண்டுக்கும் நடுவில் தடவின தெர்மல் பேஸ்ட் காய்ந்து பசை மாதிரி பிடித்திருக்கும். இழுத்தால் லாக்கோடு இருக்கிற ப்ராசசரே பிய்ந்து கூலரோடு வந்துவிடும். அதன் அடியில் 1,331 பின், தலைமுடி போல. வளைந்த பின்னை ஊசியால் நிமிர்த்தி நிமிர்த்தி என் கண்ணே பூத்துப் போயிருக்கிறது. கூலர் லேசாக வழுக்குகிற மாதிரி கைக்குத் தெரியும், அப்போது தூக்கு.

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது என்று போன மாசம் சொன்னாய். அது எர்த் சரியில்லாததால். ஹவுஸ் ஓனரிடம் சொல்லி எலக்ட்ரீஷியனை வரவழைத்துப் பார்க்கச் சொல். புதுச் சாமான் எதையும் அதற்கு முன்னால் மாட்டாதே.

நான் வைத்திருக்கிற காந்த முனை ஸ்க்ரூடிரைவரையும் பாதி ட்யூப் தெர்மல் பேஸ்ட்டையும் அப்பா ஞாயிற்றுக்கிழமை வரும்போது கொடுத்து அனுப்புகிறேன். எஸ்.எம்.பி.எஸ். பார்த்து வைத்ததும் லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பு, நான் பார்த்துச் சொன்ன பிறகு காசைக் கொடு. மாட்டுகிற அன்றைக்கு வீடியோ கால் போடு, எட்டு மணிக்கெல்லாம் கடையைச் சாத்திவிடுவேன்.

அன்புடன்,
அம்மா
ஈரோடு