எந்த எண்ணால் வகுத்தார்கள் என்று கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இறப்பு விகிதத்தை வைத்து மருத்துவமனைகளை வரிசைப்படுத்திய கட்டுரையைப் படித்தேன். பேசவேண்டிய விஷயத்தைப் பேசியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் அந்தப் பட்டியலை நம்பி ஒருவர் மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்துபோக இடமிருக்கிறது.

மற்ற இடங்களில் கைவிரித்த நோயாளிகள் கடைசியாக வந்துசேரும் மருத்துவமனையில் இறப்பு கூடுதலாகத்தான் இருக்கும். வயது, கூடவே உள்ள நோய்கள், அவசரமாக வந்தவரா என்பதையெல்லாம் சேர்த்துச் சரிக்கட்டாத விகிதத்தை ஒப்பிடவே கூடாது. உயிர் பிரியும் தறுவாயில் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அந்த இறப்பு கணக்கிலேயே ஏறாது. அனுமதித்த நாளிலிருந்து 30 நாள் வரை, எங்கே இறந்தாலும் எண்ணினால்தான் இந்த ஓட்டை அடைபடும்.

தொற்று விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். இரண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சென்ட்ரல் லைன் (இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய ரத்தக்குழாய் வரை செலுத்தும் மெல்லிய குழாய்) வழியாக மாதம் தலா 2 ரத்தத் தொற்று என்று வைத்துக்கொள்வோம். தினமும் ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு லைன் இருக்கிறது என்று எண்ணிக் கூட்டினால் ஒன்றில் 800 லைன் நாட்கள், மற்றதில் 200. ஆயிரம் லைன் நாட்களுக்கு முதலாவதில் 2.5, அடுத்ததில் 10. நான்கு மடங்கு வித்தியாசம்! தொற்றே இல்லை என்று சொல்லும் இடத்தில், காய்ச்சல் வந்தவர்களில் எத்தனை பேருக்கு ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) அனுப்பினார்கள் என்றும் கேட்கவேண்டும். அனுப்பாவிட்டால் எண்ணிக்கை தானாகவே பூஜ்யமாகிவிடும்.

இந்தத் தொற்றைத் தடுக்க வழி இருக்கிறது. கை கழுவுவது, நோயாளியின் உடல் முழுவதையும் மூடும் ஸ்டெரைல் துணி, தோலுக்குக் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி, லைன் போட முடிந்தவரை தொடை இடுக்கைத் தவிர்ப்பது, தேவை முடிந்ததும் லைனை எடுப்பது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூறுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இந்த ஐந்தையும் கடைப்பிடித்தன. ஆயிரம் லைன் நாட்களுக்கு 2.7 என்றிருந்த இடைநிலை விகிதம் (எல்லாப் பிரிவுகளையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) மூன்றே மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்ததை 2006இல் வெளியிட்டார்கள். நடைமுறையில் அதிகம் தவறுவது ஐந்தாவதுதான். 'நாளைக்கும் தேவைப்படலாம்' என்று லைன் அப்படியே கிடக்கும். தினசரி ரவுண்ட்ஸில் 'இது இன்னும் வேண்டுமா?' என்று ஒருவர் வாய்விட்டுக் கேட்கிறாரா என்று பார்த்தாலே அந்தப் பிரிவின் தரம் பாதி தெரிந்துவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில் 19 அம்சங்கள். மயக்க மருந்துக்கு முன், தோலைக் கீறும் முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன் என மூன்று இடத்தில் குழு நின்று பேசவேண்டும். நூற்றுக்கு நூறு டிக் இருப்பதைக் காட்டிப் பெருமைப்படுவோர் உண்டு. அந்தத் தாளையும், மயக்க மருந்து மருத்துவர் நேரத்தோடு எழுதும் அனஸ்தீஷியா சார்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கீறலுக்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் ஆன்டிபயாட்டிக் கொடுத்தாயிற்று என்று தாளில் டிக் இருக்கும். சார்ட்டில் ஊசி 10.20, கீறல் 10.05 என்று இருக்கும். யாரும் நின்று பேசவில்லை, வேலை முடிந்தபின் டிக் போட்டிருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மருந்துத் தவறுகளின் பதிவை மட்டும் தலைகீழாகப் படிக்கவேண்டும். பதிவு கூடினால் பெரும்பாலும் ஊழியர்கள் பயமில்லாமல் எழுதுகிறார்கள் என்று அர்த்தம். வருடம் முழுக்க ஒன்றுகூடப் பதிவாகாத வார்டுதான் கவலைக்குரியது. அங்கே மருந்து அலமாரியைத் திறந்து, நீர்க்காத பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல், அதே அளவில் அதே நிறத்தில் இருக்கும் வேறொரு ஆம்பூலுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தவறி அப்படியே ஊசியில் ஏற்றினால் இதயத்தையே நிறுத்திவிடும் என்பதால், பொட்டாசியம் குளோரைடு வார்டு அலமாரியிலேயே இருக்கக்கூடாத மருந்து.

அடுத்த முறை பட்டியல் வெளியிடும்போது ஒவ்வொரு விகிதத்துக்கும் கீழே அதை எந்த எண்ணால் வகுத்தார்கள், எத்தனை நாள் வரை எண்ணினார்கள் என்பதையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தொற்றுத் தடுப்புப் பணியில் உள்ள ஒரு வாசகர்